ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர்: வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி: வீட்டில் இசை கேட்பதற்காக சென்ஹைசர் எச்டி 600 என்னும் 300 ஓம் (மின்தடையின் அளவு) ஹெட்ஃபோனை வாங்கினேன். மடிக்கணினியில் நேரடியாகச் செருகினால் அண்மைக்காலப் பாடல்கள் போதிய ஒலியளவில் கேட்கின்றன. ஆனால் பெரிய இசைக்குழுக்களின் பதிவுகள், ஒலியளவை முழுவதும் ஏற்றிய பிறகும் தாழ்வாகவே இருக்கின்றன. நடுத்தர விலையில் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 32 ஓமில் 1000 மில்லிவாட் தரும் என்றும், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலையுள்ள மற்றொன்று 2000 மில்லிவாட் தரும் என்றும் விவரக்குறிப்பில் உள்ளது. கூடுதல் பணம் கொடுத்து இரண்டாவதை வாங்கலாமா?

பதில்: உங்களுக்கு ஆம்ப்ளிஃபையர் தேவைதான், விலை கூடியது தேவையில்லை. இதைக் காதை நம்பியோ பிறர் புகழ்ச்சியை நம்பியோ முடிவு செய்ய வேண்டியதில்லை, ஒரு சிறிய கணக்கே போதும்.

எச்டி 600-க்கு 1 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் அது 97 டெசிபல் ஒலியை எழுப்பும் என்று அதன் தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். மடிக்கணினிகளின் ஹெட்ஃபோன் துளை பெரும்பாலும் ஏறத்தாழ 1 வோல்ட்தான் தரும். ஆகவே பதிவின் மிக உயர்ந்த உச்சம் உங்கள் காதில் 97 டெசிபலில் நிற்கிறது. அண்மைக்காலப் பாடல்களில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையே அதிக தூரம் இராதபடி ஒலியை அழுத்திப் பதிவு செய்வதால், அவை அந்த 97-ஐ ஒட்டியே ஓடுகின்றன. இசைக்குழுப் பதிவுகளிலோ சராசரி ஒலி, உச்சத்தைவிட 20 டெசிபல் அல்லது அதற்கும் கீழே இருப்பது வழக்கம். மென்மையான பகுதிகள் இன்னும் தாழ்ந்து போகும். நீங்கள் கவனித்த வேறுபாட்டுக்கு இதுவே காரணம். ஹெட்ஃபோனில் குறையில்லை.

உச்சங்களுக்கு 110 டெசிபல் வரை இடம் இருந்தால் வீட்டில் கேட்பவருக்கு அது தாராளம். 97-இலிருந்து 110-க்கு ஏற 13 டெசிபல் வேண்டும்; அதாவது மின்னழுத்தம் 1 வோல்ட்டிலிருந்து ஏறத்தாழ 4.5 வோல்ட்டுக்கு உயர வேண்டும். 300 ஓமில் 4.5 வோல்ட் என்பது சுமார் 67 மில்லிவாட். உங்கள் தேவை முழுவதும் இவ்வளவே.

இனி அந்த இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு வருவோம். 32 ஓமில் 1000 மில்லிவாட் தரும் கருவி, அதற்காக 5.6 வோல்ட்டுக்குச் சற்று மேலே எட்டியாக வேண்டும். 32 ஓம் பளுவில் அந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் கருவிக்கு, அதைவிட மிகக் குறைந்த மின்னோட்டம் கேட்கும் 300 ஓம் எளிதானதே. ஆகவே அங்கும் குறைந்தது அந்த 5.6 வோல்ட் கிடைக்கும். உங்கள் ஹெட்ஃபோனில் அது 112 டெசிபல். 2000 மில்லிவாட் கருவிக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது 8 வோல்ட், அதாவது 115 டெசிபல். இரு மடங்கு வாட் என்று பெரிதாகத் தெரிவது, காதில் 3 டெசிபல் வேறுபாடாகச் சுருங்கிவிடுகிறது. அந்த 3 டெசிபலும் நீங்கள் ஒருபோதும் குமிழைத் திருப்பாத உயரத்தில் இருக்கிறது. 32 ஓம் கணக்கை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கம், எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே நீடிக்கிறது என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். விவரக்குறிப்பில் 300 ஓமுக்கான எண் தனியாக இருந்தால் அதையே பாருங்கள்.

ஒலியின் உயரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கையும் அவசியம். உலக சுகாதார நிறுவனம், பெரியவர்களுக்கு 80 டெசிபல் சராசரியில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதைப் பாதுகாப்பான வரம்பாக வைத்திருக்கிறது. சராசரி 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிறது. 110 என்று நான் மேலே சொன்னது கண நேர உச்சங்களுக்கான இடம், கேட்க வேண்டிய அளவு அன்று.

கேள்வி: ஓம் எண் குறைவாக இருந்தால் ஹெட்ஃபோனை இயக்குவது எளிது என்று கேள்விப்பட்டு, 50 ஓம் அளவிலுள்ள பிளேனார் வகை (தட்டையான மென்படலம் அதிர்ந்து ஒலி எழுப்பும்) ஹெட்ஃபோன் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். அதற்கு ஆம்ப்ளிஃபையரே வேண்டியிராது அல்லவா?

பதில்: ஓம் எண்ணை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு ஒலி எழும் என்ற இன்னோர் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹைஃபைமேன் எச்இ-6 என்ற பிளேனார் ஹெட்ஃபோனை எடுத்துக்கொள்வோம்: 50 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். அதில் 110 டெசிபல் உச்சம் வேண்டுமானால் ஏறத்தாழ 450 மில்லிவாட் தேவை. மின்னழுத்தமாகப் பார்த்தால் 4.7 வோல்ட்; முந்தைய வாசகரின் 300 ஓம் ஹெட்ஃபோன் கேட்ட அளவுதான். ஆனால் மின்னோட்டத்தைப் பாருங்கள்: எச்டி 600 கேட்பது 15 மில்லிஆம்பியர், இது கேட்பது சுமார் 95 மில்லிஆம்பியர். மின்னழுத்தத்தை மட்டும் தந்து மின்னோட்டத்தில் தடுமாறும் கருவி, முதலாவதை அழகாக இயக்கிவிட்டு இரண்டாவதில் உச்சங்களை நொறுக்கிவிடும். மறுபுறம், 32 ஓமில் ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் எழுப்பும் சாதாரண ஹெட்ஃபோனுக்கு அதே உச்சத்தை எட்ட 10 மில்லிவாட், அதாவது 0.6 வோல்ட்டுக்கும் குறைவாகவே போதும். அப்படிப்பட்டதை வைத்திருப்பவர் கைபேசியில் செருகும் சிறிய டாங்கிளோடு நின்றுகொண்டு, ஆம்ப்ளிஃபையருக்கு ஒதுக்கிய பணத்தை அடுத்த ஹெட்ஃபோனுக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

கணக்கிடும்போது ஓரிடத்தில் கவனம் வேண்டும். சில தயாரிப்பாளர்கள் உணர்திறனை ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு டெசிபல் என்றும், வேறு சிலர் ஒரு மில்லிவாட்டுக்கு இவ்வளவு என்றும் தருகிறார்கள். இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. எச்டி 600-இன் 97 என்பது வோல்ட் கணக்கு. 300 ஓமில் ஒரு வோல்ட் என்பது 3.3 மில்லிவாட் ஆகையால், மில்லிவாட் கணக்கில் அது 92-க்கும் சற்றுக் குறைவாகவே வரும். 32 ஓம் ஹெட்ஃபோனுக்கோ இரு கணக்குகளுக்கும் இடையே 15 டெசிபல் இடைவெளி இருக்கிறது. உங்கள் பட்டியலில் உள்ள ஹெட்ஃபோன் எச்இ-6 அளவுக்குப் பிடிவாதமானதாக இல்லாமல் இருக்கலாம். இன்றைய பிளேனார்களில் பல, உணர்திறன் கூடியவை. எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. அதன் முகப்பில் ஹெட்ஃபோன் துளையும் உண்டு. புதிதாக ஒன்று வாங்குவதற்குப் பதில் அதையே பயன்படுத்தக் கூடாதா? வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையர்களுக்கும் இதே பதில்தானா?

பதில்: எந்த ஹெட்ஃபோனைச் செருகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில், ஒலிபெருக்கிக்குப் போகும் வெளியீட்டையே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் குறைத்து ஹெட்ஃபோன் துளைக்கு அனுப்பினார்கள். அதனால் அந்தத் துளையின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஒலி அலையாக வரும் மின்சாரத்துக்கு அது காட்டும் தடை) நூறு ஓமைத் தாண்டுவது சாதாரணம். அதில் தவறேதும் இல்லை. 1996-இல் வெளியான ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 61938 தரநிலையே 120 ஓமைத்தான் பரிந்துரைத்தது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் எல்லா அலைவெண்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. 32 ஓம் என்று அச்சிட்ட ஒரு ஹெட்ஃபோன், தாழ்ந்த ஒலிகளின் பகுதியில் 60 ஓமாக உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120 ஓம் துளையில் அதைச் செருகினால் அந்தப் பகுதி மட்டும் மற்றவற்றைவிட 4 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். அடித்தொனி கனமாக இருக்கிறது என்று சிலர் இதைப் பாராட்டவும் செய்வார்கள். ஆனால் அது பதிவில் இருந்ததன்று. எச்டி 600-இலும் அடித்தொனிப் பகுதியில் இம்பீடன்ஸ் 500 ஓமைத் தாண்டுகிறது. என்றாலும் அடிப்படை எண் 300 ஆக இருப்பதால் விளைவு ஏறத்தாழ 1 டெசிபலோடு முடிந்துவிடுகிறது. பிளேனார்களின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய மாறாமல் இருப்பதால் அவற்றில் தொனி மாறாது, ஒலியளவு மட்டும் குறையும். மிக அதிகமாகப் பாதிக்கப்படுபவை, பல சிறிய இயக்கிகளைக் காதுக்குள் வைக்கும் இயர்ஃபோன்கள்தாம்.

எனவே 300 ஓம், 600 ஓம் ஹெட்ஃபோன் வைத்திருப்பவர் பழைய ஆம்ப்ளிஃபையரைத் தயங்காமல் பயன்படுத்தலாம். வால்வு வகையில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவற்றுக்கும் இதே பதில் பொருந்தும். குறைந்த ஓம் ஹெட்ஃபோன்களுக்குப் புதிதாக வாங்குவதானால், கருவியின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுத்தர விலையில் இது அரிதன்று. 2011-இல், தன் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் ஓ2 என்ற ஆம்ப்ளிஃபையரின் சுற்று வரைபடத்தையும் அளவீடுகளையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார். அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஓர் ஓம்கூட இல்லை. நல்ல அளவீடுகளுக்கு உயர்ந்த விலை தேவையில்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

கேள்வி: ஆம்ப்ளிஃபையரோடு டாக் (டிஜிட்டல் பதிவை மின் அலையாக மாற்றும் கருவி) தனியாக வாங்க வேண்டுமா, அல்லது இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பது போதுமா? 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளை (ஒவ்வொரு காதையும் எதிரெதிரான இரு வெளியீடுகள் இயக்கும் இணைப்பு) உள்ளதையே வாங்கும்படி நண்பர் வற்புறுத்துகிறார்.

பதில்: ஒரே பெட்டி போதும். 16 பிட் பதிவின் இயங்கு வீச்சே (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான தூரம்) 96 டெசிபல் அளவுதான். இன்றைய விலை குறைந்த டாக்குகளும் அதைத் தாண்டிவிட்டன. தனித்தனியாக வாங்குவதால் வரும் ஒரே உண்மையான வசதி, பின்னர் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பதே. கணினியின் மின்சார இரைச்சல் யூஎஸ்பி கம்பி வழியாக ஏறி ரீங்காரம் கேட்டால், ஆப்டிக்கல் உள்ளீடு உள்ள டாக் அதைத் தீர்க்கும். ஒளியிழையில் மின்னிணைப்பே இல்லாததால் அந்த இரைச்சலுக்கு வழி அடைபட்டுவிடுகிறது.

தனித்தனியாக வாங்குவோர் கெயின், அதாவது உள்ளே வரும் மின்னழுத்தத்தைக் கருவி எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவையும் பார்க்க வேண்டும். மேசை டாக்குகள் வழக்கமாக 2 வோல்ட் தருகின்றன, 4.5 வோல்ட் வேண்டுமானால் ஆம்ப்ளிஃபையர் 7 டெசிபல் பெருக்கினால் போதும். 1 வோல்ட் டாங்கிளிலிருந்து தொடங்கினால் 13 டெசிபல் வேண்டியிருக்கும். எனவே இரண்டு அல்லது மூன்று நிலைகளில் கெயினை மாற்றும் விசை உள்ள கருவியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பேலன்ஸ்டு வெளியீடு, அதே சுற்றில் மின்னழுத்தத்தை அதிகபட்சம் இரு மடங்காக்கும், அதாவது 6 டெசிபல் கூட்டும். வெளியீட்டு இம்பீடன்ஸையும் இரு மடங்காக்கும். பிடிவாதமான பிளேனாருக்கு அந்த 6 டெசிபல் உதவும். மற்றவர்கள் புதிய கம்பிக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டியிருக்கும் என்பதை நண்பரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கருவி கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில், விலை குறைந்த பழைய ஹெட்ஃபோன் ஒன்றைச் செருகிவிட்டு அதன் பிறகு மின்சாரத்தைப் போடுங்கள். போடும்போதோ அணைக்கும்போதோ பலத்த அடி போன்ற ஒலி எழுந்தால், நல்ல ஹெட்ஃபோனை அதில் செருக வேண்டாம். வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் (டிசி) கசிந்தால் ஒலிச்சுருள் சூடேறிக் கெடும்; மல்டிமீட்டர் வைத்திருப்பவர் எந்தப் பாடலும் ஓடாதபோது துளையின் நேர்மின்னழுத்தத்தை அளந்து பார்க்கலாம். அது சில மில்லிவோல்ட்டுக்குள் நிற்க வேண்டும்.

அடுத்து, உங்களிடம் உள்ளவற்றில் மிக உணர்திறன் கூடிய இயர்ஃபோனைச் செருகி, பாடலை நிறுத்திவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் இடத்தில் குமிழை வைத்துக் கேளுங்கள். மெல்லிய சீறல் கேட்டால் கெயினைக் குறைத்துப் பாருங்கள். பின்னர் மிகத் தாழ்ந்த ஒலியளவில் இரு காதுகளிலும் ஒலி சமமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். சுழல் குமிழ் கொண்ட கருவிகள் தொடக்கத்தில் ஒரு பக்கம் சாய்வது பரவலான குறைபாடு. கெயினைக் குறைத்தால் குமிழை மேலே திருப்பிக் கேட்க முடியும், சாய்வும் மறையும். குறைந்த கெயினிலும் இரவில் கேட்கும் அளவில் சாய்வு நீடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை வாங்கி ஒன்றை வைத்துக்கொள்ள எண்ணுவோர், ஒப்பிடும் முன் இரண்டின் ஒலியளவையும் அளவி கொண்டு சமப்படுத்த வேண்டும். ஒரு டெசிபலுக்கும் குறைவான வேறுபாடு இருந்தால்கூட, உரக்க ஒலிப்பதைத் தெளிவானது என்றே காது தீர்ப்புச் சொல்லும். ஒரே நிலையான ஒலியை ஓடவிட்டு, இரண்டின் வெளியீட்டு வோல்ட்டையும் மல்டிமீட்டரில் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தால் போதும்; அதன் பிறகும் வேறுபாடு கேட்கவில்லை என்றால் விலை குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.