டிசெபிலிட்டி கிடைக்கவில்லை, 401கே-வில் கை வைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. 2014இல் சென்னையிலிருந்து டெக்சாஸ் வந்தோம், இப்போது கிரீன் கார்டு இருக்கிறது. சாஃப்ட்வேர் வேலை. முதுகுத்தண்டில் இரண்டு அறுவைச் சிகிச்சை ஆனபிறகு, 2025 மார்ச் நடுவில் வேலையை விட்டார். மே, ஜூனில் நண்பரின் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கொஞ்சம் வேலை செய்து மாதம் 1,800 டாலர் வாங்கினார். உட்கார முடியாமல் அதையும் விட்டார். ஜூலையில் அரசின் டிசெபிலிட்டி (உடல் ஊனத்துக்கான) உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். அக்டோபரில் இரண்டு கடிதங்கள் வந்தன, இரண்டிலும் ‘இல்லை’ என்றுதான். ‘இவரால் வேலை செய்ய முடியாது’ என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார், அப்புறமும் ஏன் இப்படி? புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடலாமா? இந்தியாவில் 10 வருடம் பி.எஃப். கட்டியது கணக்கில் வருமா? என் சம்பளம் வீட்டுக் கடனுக்கே சரியாகிவிடுகிறது, கம்பெனி வழியாகச் சேர்த்த 401கே ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துவிடலாமா?
— வாசகி, டெக்சாஸ்

பதில்: இரண்டு கடிதங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று எஸ்எஸ்ஐ பற்றியதாக இருக்கும், மற்றது எஸ்எஸ்டிஐ. ஒரே சோஷியல் செக்யூரிட்டி (சமூகப் பாதுகாப்பு) அலுவலகத்திலிருந்து வருவதால் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எஸ்எஸ்ஐ என்பது கையில் ஒன்றுமில்லாதவர்களுக்கான உதவி. குடியிருக்கும் வீட்டையும் ஒரு காரையும் விட்டுவிட்டு, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 3,000 டாலருக்கு மேல் சொத்து இருந்தாலே கிடையாது. உங்கள் சம்பளமும் கணக்கில் வரும். அந்தக் கடிதத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், அதற்காக அலைய வேண்டாம். எஸ்எஸ்டிஐ அப்படியில்லை. அது உங்கள் கணவரின் ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் பிடித்த பணத்துக்கான காப்பீடு. உங்கள் சம்பளம், வீடு, சேமிப்பு எதுவும் அதற்குத் தடையில்லை.

இந்திய பி.எஃப். கணக்கில் வராது. சில நாடுகளோடு அமெரிக்காவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியாவோடு இல்லை. ஆனால் உங்கள் கணவருக்கு அது தேவையும் இல்லை. அவர் வயதில் முக்கியமாகப் பார்ப்பது, கடைசிப் பத்து ஆண்டுகளில் ஐந்து ஆண்டு அளவுக்கு இங்கே வேலை செய்து வரி கட்டியிருக்கிறாரா என்பதை. அது தாராளமாக இருக்கிறது. இந்த இடத்தில் அடிபடுகிறவர்கள் வேறு. எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் மனைவி என்ற முறையில்) பல வருடம் வீட்டிலிருந்த பெண்கள், குழந்தைகளுக்காக வேலையை விட்டு ஆறேழு வருடம் ஆனவர்கள். வேலையை விட்டுச் சுமார் ஐந்து ஆண்டுகளில் இந்தக் காப்பீடு காலாவதியாகிவிடும். அதற்குப் பிறகு வரும் நோய் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், மருத்துவக் கோப்பைத் திறக்காமலேயே மறுத்துவிடுவார்கள். இதை யாரும் முன்கூட்டி சொல்வதில்லை என்பது என் பழைய கோபம்.

சரி, உங்கள் கணவருக்கு ஏன் இல்லை என்றார்கள்?

டாக்டர் எழுதிக் கொடுத்த வரியிலிருந்து தொடங்குவோம். ‘வேலை செய்ய முடியாது’ என்று முடிவு செய்வது அரசின் வேலை, டாக்டருடையது அல்ல என்பது அவர்கள் நிலை. 2017 மார்ச் இறுதிக்குப் பிறகு வந்த விண்ணப்பங்களில் அப்படிப்பட்ட வரிக்கு விதிப்படியே மதிப்பு இல்லை. அவர்களுக்கு வேண்டியது அளவு. ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் உட்கார முடியும்? எத்தனை பவுண்டு தூக்க முடியும்? பகலில் எத்தனை முறை படுக்க வேண்டியிருக்கிறது? மாத்திரை சாப்பிட்டால் எவ்வளவு நேரம் தலை கிறுகிறுக்கிறது? மாதத்தில் எத்தனை நாள் எழுந்திருக்கவே முடியவில்லை? டாக்டர் ஒரு பக்கத்தில் இதை எழுதித் தந்தால், அது பத்து ‘முடியாது’க்குச் சமம்.

எஸ்எஸ்டிஐ-யில் பாதி ஊனம், கால்வாசி ஊனம் என்ற பேச்சே கிடையாது. இந்த நிலை குறைந்தது 12 மாதம் நீடித்திருக்க வேண்டும், அல்லது நீடிக்கும் என்று தெரிய வேண்டும். பழைய வேலையை மட்டுமல்ல, வேறு எந்த வேலையையும் வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் தொடர்ந்து செய்ய முடியாது என்று காட்ட வேண்டும். சாஃப்ட்வேர்காரர்களுக்கு இங்கேதான் சிக்கல். ‘உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலைதானே’ என்று கோப்பைப் பார்க்கும் அதிகாரி ஒரு வரியில் முடித்துவிடுவார். 50 வயதைத் தாண்டினால் விதிகள் கொஞ்சம் இளகும், 55இல் இன்னும் கொஞ்சம். 46இல் அந்தச் சலுகை இல்லை. உட்காரவே முடியவில்லை என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். அது கோப்பில் எங்கேயாவது இருக்கிறதா?

இருக்காது என்று சந்தேகப்படுகிறேன். காரணம் நம் வாயில் சட்டென்று வரும் ‘பரவாயில்லை’. போன வருடம் ஒரு குடும்பத்தின் மருத்துவக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தேன். மனிதர் வலியில் இரவெல்லாம் தூங்குவதில்லை. ஆனால் டாக்டர் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டதும், மரியாதைக்கு ‘பரவாயில்லை டாக்டர், போன தடவைக்கு இப்போ தேவலை’ என்றிருக்கிறார். நான்கு வருகைகளிலும் டாக்டர் ‘நலமாக இருக்கிறார், முன்னேற்றம் உண்டு’ என்றே பதிந்திருந்தார். அரசு அதிகாரி அந்த மனிதரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது அந்த நான்கு வரிகளை.

இதே கதைதான் 3373 எண் படிவத்திலும். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்கும் படிவம் அது. அதில் அவர் என்ன எழுதினார் என்று எடுத்துப் பாருங்கள். ‘சமைப்பேன், பிள்ளைகளை ஸ்கூலில் விடுவேன், கடைக்குப் போவேன்’ என்று எழுதியிருந்தால், நாமே அவர்கள் கையில் காரணத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி. பொய் எழுதச் சொல்லவில்லை. முழு உண்மையை எழுதச் சொல்கிறேன்: ‘அரிசியை குக்கரில் வைப்பேன், பிறகு இருபது நிமிடம் படுப்பேன். காய் நறுக்குவது மனைவி. ஸ்கூல் ஆறு நிமிடத் தூரம், திரும்பி வந்ததும் ஐஸ் பேக்.’ வேலைக்குப் போகிற ஆண்பிள்ளை இதை எழுதக் கூச்சப்படுவார். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் எழுத வையுங்கள்.

அடுத்து அந்த மே, ஜூன் சம்பாத்தியம். 2025இல் மாதம் 1,620 டாலருக்கு மேல் வேலை செய்து சம்பாதித்தால் (பார்வையற்றவர்களுக்கு வரம்பு வேறு) ‘இவர் வேலை செய்யக்கூடியவர்’ என்று கணக்கு. 1,800 அதைத் தாண்டுகிறது. ஆனால் உடம்பு முடியாமல் ஆறு மாதத்துக்குள் விட்டுப்போன வேலையை, தோற்றுப்போன முயற்சி என்று ஒதுக்கிவைக்க விதியில் இடம் உண்டு. நண்பரிடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள்: எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை முறை பாதியில் நிறுத்தினார், ஏன் விட்டார். மறைக்க நினைக்காதீர்கள், வரிக்கணக்கில் அது தெரியும். அதேபோல வேலையில்லா உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் அதையும் யோசியுங்கள். ‘வேலைக்குத் தயார்’ என்று அங்கே கையெழுத்து, ‘வேலை செய்ய முடியாது’ என்று இங்கே கையெழுத்து. சட்டப்படி தடை இல்லை என்றாலும் விசாரணையில் அந்தக் கேள்வி வரும்.

புதிய விண்ணப்பம் வேண்டாம், மேல்முறையீடு செய்யுங்கள். முதல் சுற்றில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மறுப்புதான் வருகிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புதிதாகப் போட்டால் ஜூலை விண்ணப்பத் தேதி கையை விட்டுப்போகும், கோப்பில் ஒன்றும் மாறாமல் அதே பதில்தான் வரும். கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 60 நாள் அவகாசம்; கடிதத்தில் உள்ள தேதிக்கு ஐந்து நாள் கழித்து வந்ததாகக் கணக்கு. அக்டோபர் 14 தேதியிட்ட கடிதம் என்றால் டிசம்பர் 18 கடைசி நாள். முதலில் மறுபரிசீலனை. பெரும்பாலும் அதிலும் மறுப்புதான், தளராதீர்கள். அடுத்தது நீதிபதி முன் விசாரணை. உங்கள் கணவரை ஒரு மனிதர் நேரில் பார்த்துக் கேட்பது அங்கேதான். இதற்கிடையில் அவர்கள் செலவில் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னால் தவறாமல் போகட்டும். போகாததாலேயே மறுக்கப்பட்டவர்கள் உண்டு.

வக்கீலுக்கு முன்பணம் தேவையில்லை. ஜெயித்தால் அதுவரை சேர்ந்திருக்கும் நிலுவைத் தொகையில் 25 சதவீதம், வழக்கமான ஒப்பந்தத்தில் அதிகபட்சம் 9,200 டாலர் (2025 நிலவரம்), அதையும் அரசே பிடித்துக் கொடுத்துவிடும். விசாரணை வரை போவதாக இருந்தால் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது பணத்துக்கு வருவோம். இன்று எல்லாம் சரியாகி அங்கீகாரம் வந்தாலும், முதல் ஐந்து முழு மாதங்களுக்கு எஸ்எஸ்டிஐ தரமாட்டார்கள். மார்ச் நடுவிலிருந்து என்று ஏற்றுக்கொண்டால் செப்டம்பரிலிருந்துதான் தொகை. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு அதற்கும் 24 மாதம் கழித்து, அதாவது 2027 செப்டம்பரில். அதுவரை உங்கள் ஆபீஸ் இன்ஷூரன்ஸை விட்டுவிடாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயரிலும் ஒரு தொகை வரும், குடும்ப உச்சவரம்புக்கு உட்பட்டு.

401கே-வை இப்போது தொடாதீர்கள். அது இருப்பதால் எஸ்எஸ்டிஐ குறையாது, மறுக்கப்படவும் மாட்டாது. எடுத்தால் வருமான வரி உண்டு, 59½ வயதுக்கு முன் என்பதால் 10 சதவீத அபராதமும் உண்டு. நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர்களுக்கு அந்த அபராதத்திலிருந்து விலக்கு இருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அங்கீகாரக் கடிதம் கையில் இருந்தால் அது மிகவும் சுலபம். முதலில் அவருடைய பழைய கம்பெனியில் நீண்டகால டிசெபிலிட்டி பாலிசி இருந்ததா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். வேலையை விடும் அவசரத்தில் பலர் இதைக் கேட்பதே இல்லை. கோரிக்கைக்குக் கெடுவும் உண்டு. வீட்டுக் கடன் கொடுத்தவரிடமும், தவணை தவறுவதற்கு முன்பே, சில மாதம் தள்ளிப்போட வழியிருக்கிறதா என்று பேசிவிடுங்கள்.

அந்த பாலிசியிலிருந்து மாதாமாதம் பணம் வர ஆரம்பித்தால், ஒன்றை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இத்தகைய பாலிசிகள் பெரும்பாலும் எஸ்எஸ்டிஐ தொகையைக் கழித்துக்கொண்டுதான் தருகின்றன. பின்னால் அரசின் நிலுவை மொத்தமாக வந்து விழும்போது, ‘நாங்கள் கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று இன்ஷூரன்ஸ்காரர் கடிதம் அனுப்புவார். எனவே அந்தப் பணம் வந்ததும் கிரெடிட் கார்டை அடைக்கத் தோன்றினாலும், அவர்கள் கணக்குச் சொல்லும்வரை தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள்.