மகன் மைனிங் படிக்கக் கேட்கிறானா? காற்றுக் கணக்கைப் பாருங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெற்றோருக்குச் சுரங்கம் என்றதும் 2001-ல் மூடிய கோலார் தங்கவயல்தான் நினைவுக்கு வரும். கூடவே, கல்தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் பற்றிய பயமும் வரும். நியாயமான பயம்தான். ஆனால் பூமிக்கடியில் நல்ல காற்று போகிறதா என்று பார்ப்பதே தனி வேலை. உங்கள் மகன் அதற்குப் பொருந்துவானா என்று யோசியுங்கள்.

நிலக்கரிச் சுரங்க விதிப்படி, ஒரு ஷிப்டில் அதிகபட்சமாக இறங்கும் ஆட்களில் தலைக்கு நிமிடத்துக்கு 6 கன மீட்டர் காற்று வேண்டும். அல்லது நாளொன்றுக்கு வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் நிமிடத்துக்கு 2.5 கன மீட்டர். இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள பாதையில் காற்று நிமிடத்துக்கு 45 மீட்டர் ஓடினால் 450 கன மீட்டர். 75 பேருக்குச் சரியாக இருக்கும். அன்றைக்கு 200 டன் வெட்டினால் 500 வேண்டும், அப்போது போதாது.

காற்றின் வேகத்தை அனிமோமீட்டரில் அளப்பார்கள். பாதையின் நடுவில் மட்டும் பிடித்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சுவரோரம் காற்று மெதுவாகத்தான் ஓடும். ஆகவே கையை நீட்டி, உடம்பு மறைக்காமல், முழுக் குறுக்குவெட்டிலும் ஒரு நிமிடம் சீராக நகர்த்த வேண்டும். இரண்டு மூன்று முறை எடுத்தும் ஒத்துவராவிட்டால் மறுபடி அளக்க வேண்டும். அவசரக்காரப் பிள்ளைக்கு இது ஒத்துவராது. காற்றை வழிதிருப்ப வைத்திருக்கும் காற்றுக் கதவை யாராவது திறந்து போட்டால், வெட்டுமுகத்துக்கு, அதாவது நிலக்கரி வெட்டும் இடத்துக்குப் போகாமல் காற்று குறுக்கே திரும்பிவிடும். நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு லேசானது, கூரையோரம் சேரும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். அதனால்தான் 1.25 சதவீதத்திலேயே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

இங்குள்ள கிரானைட் குவாரிகள் திறந்தவெளி. நெய்வேலியும் அப்படித்தான். நிலத்தடி வேலை வேண்டுமென்றால் தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கம், கர்நாடகத்தின் ஹட்டி தங்கச் சுரங்கம், ஜார்க்கண்ட் என்று வெளியூர்தான் போக வேண்டும். இதைச் சேரும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர் பொறியியல் கலந்தாய்வு வழியாகக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மைனிங் எடுக்கலாம். பட்டம் மட்டும் போதாது. வேலை அனுபவத்தோடு சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தகுதிச் சான்றுத் தேர்வுகளையும் எழுத வேண்டும்.

மகளுக்கு ஆசை இருந்தாலும் தடுக்க வேண்டாம். நிலத்தடியில் தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் பெண்களை 2019-ல் மத்திய அரசு அனுமதித்தது.