மகளின் அமெரிக்கக் கல்லூரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்கிறேன். வருடத்துக்கு ஆறு லட்சம் வரும். மகள் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன். வேதியியலும் பிடிக்கும், வரலாறும் பிடிக்கும் என்பாள். அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்று சின்னக் கல்லூரிகள் இருக்கின்றன, பணமும் கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள் என்று எங்கோ படித்துவிட்டு அதே நினைப்பாக இருக்கிறாள். கட்டணத்தைப் பார்த்தால் வருடத்துக்கு எழுபது லட்சத்துக்கு மேல் போட்டிருக்கிறது. வேலூரில் ஒரு ஏஜென்சியில் விசாரித்தோம். அந்தக் கல்லூரிகள் வேண்டாம், நாங்கள் வேறு இடத்தில் பாதி ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம், மீதிக்கு லோன் போடலாம் என்றார்கள். மைத்துனர் நிலத்தை வைத்துப் பணம் புரட்டலாம் என்கிறார். பி.ஏ., பி.எஸ்சி. படிக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா? பெண் பிள்ளையைத் தனியாக அங்கே விடலாமா? தங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் இதற்குப் பிறகு பேசலாம்.

மகள் படித்தது பொய்யில்லை. ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் மாணவர்கள் மட்டும் படிக்கும் கல்லூரிகள் அங்கே நிறைய உண்டு. நான்கு வருடப் படிப்பு. சேரும்போதே இன்ன பாடம் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை, பெரும்பாலும் இரண்டாம் வருடக் கடைசியில் சொன்னால் போதும். அதுவரை காலையில் வேதியியல் ஆய்வகம், மதியம் வரலாறு என்று இரண்டையும் படிக்கலாம். நம் ஊரில் பத்தாவது முடித்ததுமே பிள்ளையைக் கூப்பிட்டு 'எந்த குரூப்?' என்று கேட்டு ஒரு கதவை மூடிவிடுகிறோம். உங்கள் மகளுக்கு அந்தக் கதவு மூடியது பிடிக்கவில்லை. அதற்காக அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

வெறும் பி.ஏ. தானே என்ற உங்கள் சந்தேகத்துக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். 1989-இல் வேதியியல் நோபல் பெற்ற தாமஸ் செக், அயோவா மாநிலத்துச் சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் கிரினெல் கல்லூரியில் படித்தவர். 2020-இல் அதே பரிசைப் பெற்ற ஜெனிஃபர் டௌட்னா, கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரி மாணவி. இரண்டுமே இந்த வகைக் கல்லூரிகள். இந்தக் கல்லூரிகளில் முனைவர் பட்ட மாணவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். அதனால் பேராசிரியரின் ஆராய்ச்சியில் கூட நின்று வேலை செய்கிற வாய்ப்பு இருபது வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. பாடத்தையும் பேராசிரியரே நேரில் நடத்துவார்.

ஒன்றை மட்டும் மகளிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளை, மனதுக்குள் சி.எம்.சி.யில் மருத்துவம் படிக்கும் கனவு ஏதாவது இருக்கிறதா என்று. இருந்தால் இந்த வழி வேண்டாம். அமெரிக்காவில் மருத்துவம் என்பது பட்டப்படிப்புக்குப் பிறகு படிப்பது. அதிலும் வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் மருத்துவக் கல்லூரிகள் குறைவு.

சரி, பணம். வருடத்துக்கு 90,000 டாலர் வரை போட்டிருப்பார்கள். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே 76 லட்சத்தைத் தாண்டும். அந்தத் தொகையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பாதி தள்ளுபடி என்றதும் மகிழவும் வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எல்லாம் போக, வருடத்துக்கு நான் கட்ட வேண்டிய மீதி எவ்வளவு?

பணக்காரக் கல்லூரிகள் சிலவற்றுக்குப் பழைய மாணவர்கள் கொடுத்துச் சேர்ந்த பெரிய நிதி இருக்கிறது. அவை உங்கள் வருமானம், வீடு, நிலம், சேமிப்பு எல்லாவற்றையும் விவரமாகக் கேட்கும். பெரும்பாலும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற படிவத்தில் நிரப்ப வேண்டும். இந்தக் குடும்பத்தால் இவ்வளவுதான் முடியும் என்று கணக்குப் போட்டு, பாக்கி முழுவதையும் அவர்களே ஏற்பார்கள். மதிப்பெண்ணுக்குத் தரும் பரிசு இல்லை இது, தேவையைப் பார்த்துத் தருவது. ஆறு லட்சம் வருமானம் உள்ள வீட்டுக்கு இந்தக் கல்லூரிகள்தான் சரி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் பணம் கேட்கிறார் என்பதும் சேர்க்கை முடிவில் கணக்கில் வரும். அதைப் பார்க்காமல் தேர்ந்தெடுப்போம் என்று சொல்லும் சிறிய கல்லூரிகள் மிகச் சில. ஆம்ஹெர்ஸ்ட், பௌடின் இரண்டும் அப்படிப்பட்டவை. அங்கே விண்ணப்பிக்கும் நூறு பேரில் பத்துப் பேரைக்கூட எடுப்பதில்லை. ஆகவே இடம் கிடைப்பது கடினம் என்பதை மகள் தெரிந்துகொண்டே முயலட்டும். கிரினெல், ஸ்மித், மௌன்ட் ஹோல்யோக், மெக்கலெஸ்டர் போன்றவற்றையும் அவள் பார்க்கலாம். ஸ்மித்தும் மௌன்ட் ஹோல்யோக்கும் பெண்கள் கல்லூரிகள்.

ஏஜென்சி சொன்ன பாதி ஸ்காலர்ஷிப்புக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் கோபம் வருவது இங்கேதான். ஒரு கல்லூரியின் செலவு வருடத்துக்கு 65,000 டாலர் என்று வையுங்கள். வாழ்த்துக் கடிதம் வரும், 30,000 டாலர் ஸ்காலர்ஷிப் என்று எழுதியிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுப்பீர்கள். மீதி 35,000 டாலர், அதாவது சுமார் 30 லட்சம். நான்கு வருடத்துக்கு ஒரு கோடியே இருபது லட்சம். வட்டி தனி. முதல் வருடப் பணத்தை எப்படியோ புரட்டிக் கட்டிவிட்டு, மூன்றாம் வருடம் கட்ட முடியாமல் படிப்பை நடுவில் விட்டுத் திரும்புவதைப் போன்ற கொடுமை வேறில்லை. கையில் பட்டமும் இருக்காது, நிலமும் இருக்காது. ஏஜென்சிக்காரர் பலருக்கும் வருமானம் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் இடம் தருகிற கமிஷன். முழு உதவி தரும் கல்லூரிகளைத் தேடி விண்ணப்பங்கள் குவிகின்றன, கமிஷன் கொடுத்து ஆள் பிடிக்க வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. உங்களிடம் 'அது வேண்டாம்' என்று ஏன் சொன்னார்கள் என்பதை இதை வைத்துப் பாருங்கள். நம்பி விசாரிக்க, அமெரிக்க அரசின் ஆதரவில் நடக்கும் எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசனை மையம் சென்னையிலேயே இருக்கிறது.

முழு உதவி கிடைத்தாலும் கையிலிருந்து செலவு உண்டு. விமான டிக்கெட், விசா கட்டணம், குளிர் உடுப்பு, சில இடங்களில் மருத்துவக் காப்பீடு. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தரும் உதவித்தொகைக்கு அமெரிக்காவில் வரி பிடிப்பார்கள், இதைப் பலரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. படிக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நூலகத்திலோ உணவுக்கூடத்திலோ சம்பாதிப்பது கைச்செலவுக்குப் போதும். கட்டணத்தை அதில் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விண்ணப்பத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகள் சறுக்கும் இடம் மதிப்பெண் இல்லை, ஆசிரியர் கடிதம். நம் பள்ளிகளில் 'நன்னடத்தை உடையவர், கடின உழைப்பாளி' என்று இரண்டு வரி எழுதி முத்திரை குத்துவது வழக்கம். அங்கே அது செல்லாது. இந்தப் பெண் வகுப்பில் என்ன கேள்வி கேட்டாள், எந்தக் கணக்கில் தடுமாறி எப்படித் தேறினாள், யாருக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்று ஒரு பக்கம் வேண்டும். வேதியியல் ஆசிரியையிடம் போய், நேரம் கொடுத்து, பழைய நிகழ்ச்சிகளை நினைவூட்டிப் பணிவாகக் கேட்கட்டும். தலைமையாசிரியையும் பள்ளியைப் பற்றி எழுத வேண்டும். அரசுப் பள்ளி, கிராமத்துப் பிள்ளைகளும் நெசவாளர் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்று உள்ளதை எழுதினாலே மகளின் மதிப்பெண்ணுக்கு உரிய எடை கிடைக்கும். அப்புறம் 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை. அதை அவளே எழுத வேண்டும். காசு கொடுத்து எழுதி வாங்கும் கட்டுரையில் பதினேழு வயதுப் பிள்ளையின் குரல் இருக்காது, படிக்கிறவருக்கு அது தெரிந்துவிடும்.

காலக் கணக்கு இப்படி. பிளஸ் டூ டிசம்பருக்குள் விண்ணப்பம் தயாராக வேண்டும், பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஜனவரி முதல் பாதியில் கடைசித் தேதி. முடிவு மார்ச் கடைசியில் வரும், மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். நம் பொதுத்தேர்வு முடிவு வருவதும் மே மாதம்தான். அங்கே இல்லை என்றானாலும் இங்கே விண்ணப்பிக்க நேரம் இருக்கிறது, வருடம் வீணாகாது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வைப் பல கல்லூரிகள் கட்டாயமாக்கவில்லை. ஆங்கிலத் தேர்வு பெரும்பாலும் கேட்பார்கள். அதில் ஒன்றான டூயோலிங்கோ தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம்.

தனியாக விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் அண்ணன் மகள் ஒஹையோவில் இப்படி ஒரு கல்லூரியில் படித்தவள். அவள் சொன்னதையே சொல்கிறேன். ஊர் சின்னது, ஆபத்து குறைவு, தனிமை அதிகம். கடைக்குப் போகக்கூட யாராவது காரில் கூட்டிப்போக வேண்டும். வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு ஜனவரி, பிப்ரவரி பெரிய சோதனை. சாயங்காலம் சீக்கிரமே வெளிச்சம் மங்கிவிடும், அந்த மாதங்களில்தான் அழுகை வரும் என்பாள். டிசம்பர் விடுமுறையில் சில கல்லூரிகள் விடுதியையே மூடிவிடும், எங்கே தங்குவது என்று முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். சைவமாக இருந்தாலும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் ரசம் சோற்றுக்கு மனசு ஏங்கும். வார இறுதியில் விடுதியின் பொதுச் சமையலறையில் நாலு நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து சமைத்ததில்தான் அவளுக்கு நட்பே உண்டானது.

வகுப்பு இன்னொரு சோதனை. பதினைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். வாய் திறந்து பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. பேராசிரியர் தம் அறையில் இன்ன நேரம் இருப்பேன் என்று எழுதிப் போடுவார், போய்க் கதவைத் தட்டிப் புரியவில்லை என்று சொல்ல வேண்டும். தொந்தரவு செய்யக் கூடாது என்று நம் பிள்ளைகள் மரியாதைக்காக ஒதுங்கி நிற்பார்கள், அங்கே அதை அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். நோட்ஸை வரிக்கு வரி மனப்பாடமாக எழுதும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். பிறர் எழுதியதைப் பெயர் சொல்லாமல் எடுத்து எழுதினால் அது திருட்டு, கல்லூரியை விட்டே அனுப்பும் அளவுக்குப் போகலாம்.

முயன்றும் கிடைக்கவில்லை என்றால்? அமெரிக்கக் கல்லூரி நம் ஊருக்கே வந்து நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்கத் திருச்சபை ஒன்று அனுப்பிய ஆற்காடு மிஷன் 1898-இல் தொடங்கியதுதான் வேலூர் ஊரிசு கல்லூரி. குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போகும் முன் படித்தது அங்கேதான். அந்த மிஷனை அனுப்பிய அதே திருச்சபையோடு சேர்ந்ததுதான் மிச்சிகனில் இன்றும் நடக்கும் ஹோப் கல்லூரி. பெண்களுக்குக் காட்பாடியில் ஆக்ஸிலியம் இருக்கிறது, சாயிநாதபுரத்தில் டி.கே.எம். இருக்கிறது. அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால் கட்டணம் உங்களுக்குப் பாரமாக இருக்காது. அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். குடியாத்தத்திலிருந்து தினம் போய் வரலாம். இங்கே வேதியியல் எடுத்தால் வரலாற்றை அவளேதான் நூலகத்தில் தேடிப் படிக்க வேண்டியிருக்கும், அது ஒரு குறைதான். அசோகா போன்ற வடநாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களில் இரண்டும் படிக்கலாம், ஆனால் விடுதியோடு வருடம் பத்து லட்சத்தைத் தாண்டும். அங்கேயும் தேவையைப் பார்த்து உதவி தருகிறார்கள், விண்ணப்பிக்கலாம். மீதி எவ்வளவு என்ற அதே கேள்வியோடு.

நீங்கள் வருடத்துக்கு எவ்வளவு தர முடியும் என்று இப்போதே ஒரு தொகை எழுதி வையுங்கள், நிலத்தையும் மகளின் நகையையும் அதில் சேர்க்காமல். அந்தத் தொகையை மகளிடமும் சொல்லிவிடுங்கள். அவளுக்கு அது தெரிந்தால் எந்தக் கடிதம் வந்தாலும் அவளே கழித்துப் பார்த்துக்கொள்வாள். கல்லூரிகளின் பட்டியலை அவள் எழுதி அனுப்பட்டும், நான் பார்க்கிறேன். ஆசிரியை கடிதத்துக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்பதையும் தனியாக எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்