ஆலாவுக்கு எந்தப் பக்கம் நிற்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கழிமுகப் பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு மீன் பிடிக்கும் நீர்ப்பறவைகளான ஆலாக்களை (tern) கவனிக்கத் தொடங்கினேன். நவம்பரிலிருந்து, வேலை முடிந்த மாலைகளில் முட்டுக்காட்டு உப்பங்கழிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் போய்வருகிறேன். நூற்றுக்கணக்கில் படம் எடுத்தும் மனநிறைவு இல்லை. பாதிப் படங்களில் பறவையின் முதுகும் வாலும்தான் இருக்கின்றன. மீதியில் இறகுகள் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துவிடுகின்றன. எது எந்த ஆலா என்றும் பிடிபடவில்லை. 400 மி.மீ. லென்ஸை விற்றுவிட்டு 600 வாங்கலாமா? ஏப்ரலில் கர்நாடகத்தின் பத்ரா அணைக்குச் சென்று, கூடு கட்டியிருக்கும் ஆற்று ஆலாக்களை மிக அருகிலிருந்து எடுக்கவும் எண்ணியிருக்கிறேன். தங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்.

கு., சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸை விற்க வேண்டாம். உங்கள் படங்களில் முதுகு மட்டுமே விழுவதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, மாலை நேரம். ஆலா மீன் தேடும்போது காற்றை எதிர்த்துத்தான் பறக்கும்; நீரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து அந்தரத்தில் நிற்கும்போதும் முகம் காற்று வரும் திசையில்தான் இருக்கும். கிழக்குக் கடற்கரையில் இந்த மாதங்களில் பகல் காற்று பெரும்பாலும் கடலிலிருந்து வருகிறது. மாலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நீங்கள் உப்பங்கழியின் மேற்குக் கரையில் நின்றிருப்பீர்கள். வெளிச்சம் சரிதான், ஆனால் பறவை கடலைப் பார்த்து நிற்கிறது, உங்களை அல்ல. அதே இடத்துக்குக் காலையில் போங்கள். கடலுக்கும் கழிக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில், கடலுக்கு முதுகைக் காட்டிக் கழியைப் பார்த்து நில்லுங்கள். எட்டு மணிக்கு மேல் வடகிழக்குக் காற்று வலுக்கும்போது வெயிலும் காற்றும் சேர்ந்தே உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும். ஆலா உங்களை நோக்கியபடியே அந்தரத்தில் நிற்கும், அலகு செங்குத்தாகக் கீழே பார்த்திருக்கும், கண்ணில் வெயில் ஒரு புள்ளியாக மின்னும். அப்படி ஒரு மணி நேரம் கிடைத்தால் 400 மி.மீ. தாராளமாகப் போதும்.

இறகுகள் வெளுத்துப்போவது கேமராவின் கணக்கால் வருவது. பின்னணியில் இருண்ட நீர் பரந்திருக்கும்போது, முழுக் காட்சியும் இருட்டென்று எண்ணிக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. பறவை சற்று மேலெழுந்து வானம் பின்னணியானதும் குறைத்துவிடுகிறது. எனவே தானியங்கி முறையை விட்டுவிட்டு, முதலில் பறக்கும் ஒரு வெள்ளைப் பறவையை வைத்தே எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை, முடிவு செய்யுங்கள். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தைத் தொடாமல் சற்று முன்பே நிற்க வேண்டும். வெயில் மாறும்வரை அந்த எக்ஸ்போஷரை மாற்றாதீர்கள். ஷட்டர் வேகம் 1/2500 நொடிக்குக் குறைய வேண்டாம். அதற்காக கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவைக் கூட்டத் தயங்கவும் வேண்டாம்.

அடையாளம் காண்பதைப் பற்றி. நிறத்தைப் பார்த்துக் குழம்புவதைவிட அது எப்படி இரையெடுக்கிறது என்று பாருங்கள். பள்ளிக்கரணையில் நீங்கள் கூட்டமாகப் பார்ப்பவற்றுள் பெரும்பாலானவை மீசை ஆலாக்களாகத்தான் இருக்கும். அவை தலைகீழாக நீரில் பாய்வது அரிது. தாழப் பறந்து வந்து, நீர்ப்பரப்பில் அலகை மட்டும் நனைத்துப் பூச்சியையோ குஞ்சு மீனையோ கொத்திக்கொண்டு மேலெழும். ஏறக்குறைய அதே சாம்பல் நிறத்தில், தடித்த கறுப்பு அலகோடு சேற்றுப் பரப்பின் மேல் பறந்து நண்டைத் தூக்குவது பருத்த அலகு ஆலா. முகத்துவாரத்தில் கல்லெறிந்ததுபோல விழுந்து எழுபவை கொண்டை ஆலாக்கள்: அலகு மஞ்சளாக இருந்தால் பெரியது, ஆரஞ்சு நிறமாக இருந்தால் சிறியது. எல்லாவற்றிலும் பெரிய உருவமும் கேரட் போன்ற சிவந்த அலகும் கொண்டது காஸ்பியன் ஆலா. பசியாலோ ஆசையாலோ ஒருவர் அலைவதை ஆலாய்ப் பறப்பது என்கிறோமே, அந்தச் சொல் இந்தப் பறவையிலிருந்து வந்தது என்பார் உண்டு. ஒரு காலை நேரம் முழுவதும் இவற்றைப் பார்த்தவருக்கு அதில் சந்தேகம் எழாது.

இனி பத்ரா. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த பகுதி இதுதான். கோடையில் அணையின் நீர் இறங்கும்போது மேலெழும் திட்டுகளில் ஆற்று ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடுகின்றன. கூடு என்று சொல்கிறோமே தவிர அது தரையில் ஒரு சிறு குழி, அவ்வளவுதான். முட்டைகள் கூழாங்கல்லின் நிறத்தில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். நண்பகலில் அந்தத் தரை சுடும்போது பறவை முட்டைகளின் மேல் நிற்பது அடைகாக்க அல்ல, நிழல் கொடுக்க. ஒரு நாள் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன்: ஓர் ஆற்று ஆலா எழுந்து நீர்ப்பரப்புக்குப் போய், மீன் எதையும் பிடிக்காமல் வயிற்றை மட்டும் இரண்டு மூன்று முறை நனைத்துக்கொண்டு திரும்பி வந்து, சொட்டச் சொட்ட முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. அந்தப் பறவையை ஒரு படத்துக்காக நாம் கிளப்பிவிட்டால், வெயிலில் முட்டை எத்தனை நிமிடம் தாங்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நம் கடற்கரை முகத்துவாரம் ஒன்றில் சின்ன ஆலாவின் கூட்டருகே மணலில் தவழ்ந்து சென்று இருபது நிமிடம் படுத்திருந்தேன். தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே இருந்தது. பறவை பழகிக்கொள்ளும் என்று நம்பினேன். நான் எழுந்து பின்வாங்கிய சற்று நேரத்தில், என் தடத்தையே பார்த்திருந்த காகம் ஒன்று இறங்கி ஒரு முட்டையைக் கொத்தியது, அடுத்ததையும் கொத்தியது. அன்று எடுத்த படங்களை நான் எங்கும் வெளியிடவில்லை.

ஆற்று ஆலாவுக்குத் தொல்லைகள் ஏற்கெனவே போதிய அளவு இருக்கின்றன. மணல் அள்ளுவதால் ஆறுகளில் திட்டுகள் அழிகின்றன. அணையிலிருந்து திடீரென்று திறந்துவிடப்படும் நீர் கூடுகளை அடித்துச்செல்கிறது. நீர் வற்றித் திட்டு கரையோடு சேர்ந்துவிட்டால் நாய்கள் நடந்தே வந்துவிடுகின்றன. எனவே பத்ராவுக்குப் போங்கள், ஆனால் படகிலிருந்து இறங்காதீர்கள். திட்டுக்கு அருகே விடச் சொல்லிப் படகோட்டியிடம் பணம் நீட்டாதீர்கள். தூரத்தில் படகை நிறுத்தச் சொல்லிவிட்டு, உட்கார்ந்திருக்கும் பறவைகள் உட்கார்ந்தபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று எழுந்து கத்தினாலும் நீங்கள் அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். மீனோடு திரும்பும் ஆண் பறவை, கழுத்தை நீட்டி அதை வாங்கும் பெண், நீருக்கு மேலே ஒன்றையொன்று துரத்தும் இளம்பறவைகள் எல்லாம் அந்தத் தூரத்திலிருந்தே கிடைக்கும். குஞ்சின் கண்ணை நிறைத்துக் காட்டும் படம் கிடைக்காது; அது இல்லாமலே திரும்பி வாருங்கள்.

அதற்கு முன், மார்ச் இறுதியில் ஒரு காலை பள்ளிக்கரணைக்குப் போய்வாருங்கள். வலசை கிளம்பும் முன் சில மீசை ஆலாக்கள் உடை மாற்றியிருக்கும்: தலையில் முழுக் கறுப்புத் தொப்பி, கரிய சாம்பல் வயிறு, அதற்கு நடுவே கன்னத்தில் வெள்ளைப் பட்டை. மீசை என்ற பெயர் ஏன் வந்தது என்பது அப்போது தெரியும். அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.