911-ஐக் கொடுத்துவிட்டு ஹுராகான் வாங்கலாமா?

சார், கிருஷ்ணகிரியில் நாலு வருடமாக போர்ஷே 911 கரேரா ஓட்டுகிறீர்கள், அலுத்துவிட்டது, பெங்களூரில் ஒரு பழைய லம்போர்கினி ஹுராகான் அமைந்திருக்கிறது, மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தர்மபுரிக்காரன், ஒருமுறை பிராண்ட் மாறி அவஸ்தைப்பட்டவன்.

எனக்கு அலுத்தது காரே இல்லை. தினமும் அதே நான்குவழிச் சாலையில் ஓட்டினால் எதுவும் அலுக்கும்! மாறிய வண்டி மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நின்றது. பேட்டரி இருமுறை படுத்தது.

ஹுராகானின் 5.2 லிட்டர் வி10, அதாவது பத்து சிலிண்டர் எஞ்சின், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாதது. அந்தச் சத்தம் 911-இன் டர்போ எஞ்சினில் கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன். 2024-இல் உற்பத்தியும் நின்றுவிட்டது. அடுத்து வந்த லம்போர்கினி டெமராரியோ, மின்மோட்டாரும் சேர்ந்த டர்போ வி8 ஹைப்ரிட். ஆசைக்கு நியாயம் உண்டு. ஆனால் 911-இல் பின்னால் பிள்ளைகளை உட்கார வைக்கிறீர்களே, இதில் இரண்டே சீட்.

பார்க்கும் வண்டியில் முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். நம் ஊர் வேகத்தடைகளுக்கு அது இல்லாமல் முடியாது. அடியில் படுத்து உரசல்களையும் பாருங்கள். அப்புறம், கர்நாடகப் பதிவு என்றால் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வரி எல்லாம் உண்டு. விலை பேசும்போதே கணக்கில் சேருங்கள்.

911-ஐ அவசரப்பட்டு விற்காதீர்கள். முதலில் ஹுராகானை ஓசூர் வரை ஓட்டக் கேளுங்கள், பக்கத்தில் வீட்டம்மாவை உட்கார வைத்து.