1/24 அளவு பிளாஸ்டிக் கார் மாடலின் பாடியில் ஸ்ப்ரே பெயிண்ட் சொரசொரப்பாக விழுவது ஏன்?

பெரும்பாலும் தூரம்தான் காரணம். 30 செ.மீ.க்கு அப்பாலிருந்து அடித்தால் துளிகள் வழியிலேயே பாதி காய்ந்து, பரவாமல் மணல் மாதிரி உட்காரும். 15 முதல் 20 செ.மீ. போதும். பாடிக்கு வெளியே பட்டனை அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் தாண்டிய பிறகே விடுங்கள்.

கேனை வெதுவெதுப்பான நீரில் (கொதிநீர் ஆபத்து) சில நிமிடம் வைத்தால் பெயிண்ட் இளகி நுண்துளியாக வரும். இரண்டு மெல்லிய கோட், நடுவே 10–15 நிமிடம், கடைசியில் ஒரு ஈரக் கோட் (பரப்பு ஈரமாகப் பளபளக்கும் அளவுக்குச் சற்றுத் தாராளமாக). மழை நாளில் லாக்கர் (கரைப்பான் வேகமாக ஆவியாகிக் காயும் பெயிண்ட்) வேண்டாம்: கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும்.

தமியா (ஜப்பானிய மாடல் நிறுவனம்) கேன் என்றால் பிளாஸ்டிக் மாடலுக்கான டிஎஸ் (TS) வரிசைதானா என்று பாருங்கள். பிஎஸ் (PS) வரிசை ரேடியோ கன்ட்ரோல் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கானது. கடைகளில் இரண்டும் பக்கத்திலேயே இருக்கும்.

ஏற்கெனவே சொரசொரத்துவிட்டதா? ஒரு வாரம் காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, காம்பவுண்டால் (பாலிஷ் பேஸ்ட்) பாலிஷ் போடுங்கள். விளிம்புகளையும் கதவுக் கோட்டு ஓரங்களையும் தொடாதீர்கள். அங்கே பெயிண்ட் மெலிசு, பிளாஸ்டிக் எட்டிப்பார்த்துவிடும். மெட்டாலிக் நிறத்தை நேரடியாகத் தேய்த்தால் திட்டுத்திட்டாகும். மேலே கிளியர் (நிறமற்ற பெயிண்ட்) அடித்து அதை மட்டும் தேய்க்க வேண்டும்.