அந்தப் பெடியள் என்ன பிழை செய்தார்கள்?

கேள்வி: என் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான். 2009 இறுதிப் போரில் கைக்குழந்தையாக அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். கணவர் இல்லை. இப்போது ரியூசன் முடிந்தால் பக்கத்துக் குடியேற்றத்துப் பெடியளோடுதான் திரிகிறான். மலையகத்திலிருந்து வந்து கூலிவேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். சேர்க்கை பிழைத்தால் குணமும் பிழைத்துவிடும் என்று பயமாக இருக்கிறது. ரியூசனை நிறுத்தி வீட்டில் வைத்துப் படிப்பிக்கவா?
– ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: சேர்க்கை குணத்தை மாற்றும் என்பதில் உங்களோடு எனக்குப் பிணக்கில்லை. இந்த வயதில் தாயின் சொல்லைவிடக் கூட்டாளியின் சொல்தான் காதில் ஏறும். 'சிற்றினம் சேராமை' என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதி வைத்தார்.

ஆனால் உங்கள் கடிதத்தில் அந்தப் பெடியள் செய்த ஒரு பிழைகூட இல்லை. குடித்தார்கள், களவெடுத்தார்கள், வகுப்புக்கு ஒளித்தார்கள் என்று ஒரு வரி இல்லை. எங்கிருந்து வந்தவர்கள், என்ன தொழில் என்பது மட்டும்தான் இருக்கிறது. பிள்ளையை நினைத்து வந்த பயத்தோடு, அந்தக் குடும்பங்களைப் பற்றி எங்கள் ஊர்களில் வெகுகாலமாக இருக்கும் இளக்காரமும் கலந்து வந்திருக்கிறது.

தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் அடிபட்டு, மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த சனம் எத்தனையோ. வந்து காடு வெட்டினார்கள். பிறர் வயலில் நாட்கூலிக்கு அரிவு வெட்டினார்கள். குடியிருந்த காணிக்குப் பத்திரம் கிடைக்காமலே பலர் காலம் கழித்தார்கள். 2009இல் நீங்கள் ஓடிய அதே பாதையில்தான் அவர்களும் ஓடினார்கள்: விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம். பங்கருக்குள் பக்கத்தில் இருந்தது யார், முகாமில் தண்ணீர் வரிசையில் உங்கள் குழந்தையை வாங்கி வைத்திருந்தது யார் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் பூர்வீகம் கேட்டீர்களா? உறவை அளக்கும் கோல் கேடு வரும்போதுதான் கிடைக்கும், ஆகவே கேட்டிலும் ஒரு நன்மை உண்டு என்கிறது குறள். அந்தக் கோலைக் கையில் பிடித்தவர்கள் நாங்கள். அதை இவ்வளவு கெதியாகக் கீழே போடலாமா?

பயப்பட வேண்டிய காரியம் வேறு இருக்கிறது. ஐஸ் என்கிற போதைப்பொருள், கஞ்சா, கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் மூன்றும் எங்கள் ஊர்களுக்குள் வந்துவிட்டன. கொண்டுவந்து கொடுப்பவன் நல்ல குடும்பத்துப் பிள்ளையாக, நல்ல மோட்டார் சைக்கிளில் வருபவனாக இருக்கலாம். அவனை நீங்களே கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுப்பீர்கள். ஆகவே பூர்வீகத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பாருங்கள். மகனின் கையில் கணக்கில்லாத காசு புழங்குகிறதா, இரவில் நித்திரை இல்லையா, சாப்பாடு குறைந்துவிட்டதா, கேட்டால் எரிந்து விழுகிறானா? அப்படியென்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் பாடசாலையில் நம்பிக்கையான ஆசிரியரிடம் சொல்லுங்கள்; வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

இன்னொன்று. பிள்ளைக்கு முதல் சேர்க்கை தாய். தன் கூட்டாளிகளை வீட்டில் தாழ்த்திப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை, ஒன்றில் அவர்களை உங்களுக்கு மறைக்கப் பழகுவான். அல்லது உங்களைப்போலத் தாழ்த்திப் பேசப் பழகுவான். இரண்டாவதை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

ரியூசனை நிறுத்தாதீர்கள். வீட்டில் மறித்து வைத்தாலும் கையில் போன் இருக்கும். அதற்குள் வரும் கூட்டாளிகளின் முகம் உங்களுக்குத் தெரியவராது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெடியளை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். பெயரைக் கேளுங்கள், என்ன பாடம் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களின் தாய்மாரோடும் கதையுங்கள். அதற்குப் பிறகும் பயம் தீராவிட்டால், கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லி எனக்கு எழுதுங்கள்.